எட்டு மணி மாத்திரை

இருபத்தேழு நாள் என் தம்பிக்கு நான் என் கையாலேயே விஷம் கொடுத்தேன். காலை எட்டு மணிக்கு, ஆரஞ்சுச் சாற்றில், இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு. அவன் குடித்து முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரிலேயே நின்றேன். டம்ளரின் அடியில் தங்கியதைக்கூட விடவில்லை. கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி அதையும் குடிக்க வைத்தேன். யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை. நானாகத்தான் செய்தேன், அதுவும் பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்போடு.

எனக்குச் சலவைக் கடை. நான்கு மெஷின், இரண்டு இஸ்திரி மேஜை, கூரையை ஒட்டி நீளமாக ஒரு கம்பி. தேய்த்து முடித்த உடுப்புகள் அந்தக் கம்பியில் தொங்கும். அவ்வளவு உயரம் கை எட்டாது என்பதால் எடுப்பதற்கென்று ஒரு கொக்கிக் கம்பு வைத்திருக்கிறோம். கட்டினவர் போய்ச் சேர்ந்த பிறகு கடையை நானும் தம்பியும்தான் நடத்துகிறோம். துணி வாங்குவது, சீட்டு எழுதுவது, வாடிக்கையாளரிடம் சண்டை போடுவது எல்லாம் என் பொறுப்பு. தேய்ப்பது அவன் பொறுப்பு. சும்மா சொல்லக் கூடாது, சட்டைக் காலரை அவன் மாதிரி தேய்க்கிறவனை நான் பார்த்ததில்லை. நாற்பத்துமூன்று வயதாகியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்கிறேன் என்று நான் கிளம்பும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவான். என்னைவிட எட்டு வயது சின்னவன். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

கடைக்கு வருகிறவர்கள் அவனை 'விட்டமின்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்ததும் நான்தான். ஒன்பது வருஷமாகக் காலை எட்டு மணியானால், கையில் இருக்கிற இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஆரஞ்சு நிற லேபிள் ஒட்டிய ஒரு விட்டமின் பாட்டிலிலிருந்து ஒரு மாத்திரை எடுத்து விழுங்குவான். ஒரு நாள் தவறியதில்லை. திடமாக இருக்கிறவனுக்கு எதற்குடா சத்து மாத்திரை என்று கேட்டால், உன்னோட கத்தலைத் தாங்கச் சத்து வேணுமில்ல என்பான். கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

ஆமாம், எனக்கு வாய் நீளம். அதை மறைக்கப் போவதில்லை. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவேன், பிடித்த பிடியை விடமாட்டேன். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. துணியின் உள்பக்கம் தைத்திருக்கும் லேபிளைப் படிக்காமல் அதைத் தண்ணீரில் போடக் கூடாது. கம்பளி எது, பட்டு எது, சுடுதண்ணீர் எதற்கு ஆகாது என்று எல்லாம் அதில் இருக்கும். லேபிளில் இருப்பதை நம்பி முப்பது வருஷம் ஓட்டினவள் நான். மனிதர்களையும் அப்படித்தான் பார்த்தேன். மேலே என்ன ஒட்டியிருக்கிறதோ அதுதான் ஆள் என்று.

அந்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பின்பக்கத் தெருவில் ஒரு டீச்சர் இருந்தாள். வாராவாரம் துணி போடுவாள், சில்லறைக்குத் தகராறு செய்யமாட்டாள், நல்ல மாதிரி. அவள் புருஷன் நோயில் படுத்துச் செத்துப்போனார். எய்ட்ஸ் என்று தெரு பூராவும் பேச்சு. பத்து நாள் கழித்து டீச்சர் ஒரு மூட்டையோடு வந்தாள். படுக்கை விரிப்பு, போர்வை, அவருடைய சட்டைகள். மேஜைமேல் வைத்தாள். நான் கையால் தொடவில்லை. சுவரில் மாட்டியிருந்த கொக்கிக் கம்பை எடுத்து, அந்த மூட்டையை அவள் பக்கமாகத் தள்ளினேன்.

"இங்க மனுஷங்க துணி துவைக்கிறோம்" என்றேன்.

மூட்டை மேஜையிலிருந்து கீழே விழுந்தது. டீச்சர் குனிந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தம்பி அப்போதுதான் எங்கோ போய்விட்டு வந்து வாசலில் நின்றான். பல்வலி, டாக்டரிடம் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். என் கையிலிருந்த கம்பை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனான். அன்று பூராவும் அவன் பேசவில்லை. பல்வலிதான் என்று நினைத்தேன். இது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

போன வருஷக் கடைசியில் அவனுடைய தலையணை உறை தினமும் ஈரமாக இருந்தது. துணி விஷயத்தில் என் கண்ணை யாரும் ஏமாற்ற முடியாது. தண்ணீர் கொட்டின ஈரம் வேறு, வேர்வை வேறு. பனியனைப் பிழிந்தால் சொட்டியது. சட்டைக் காலருக்குள் இரண்டு விரல் போகிற அளவுக்குக் கழுத்து இளைத்திருந்தது. அப்புறம் தாடைக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவு ஒரு கட்டி. வலிக்கவில்லை என்றான். வலிக்காத கட்டிக்கு எதற்கு வைத்தியம் என்று இழுத்தான். நான் விடவில்லை. கடையைப் பூட்டிவிட்டு அவனைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கட்டியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவு சொல்கிற அன்று என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவன் மட்டும் டாக்டரின் அறைக்குள் போனான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவளுக்கு வெளியே பெஞ்சு. முக்கால் மணி நேரம் கழித்து வந்தான். லிம்போமா என்றான். நிணநீர் முடிச்சுகளில் வருகிற புற்றுநோய், ஆனால் மருந்துக்கு மடங்குகிற ஜாதி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி மருந்து ஏற்றுவார்கள், மொத்தம் ஆறு முறை. இதைச் சொல்ல முக்கால் மணி நேரமா என்று கேட்டேன். வா, போய்க் கடையைத் திறக்கணும் என்று முன்னால் நடந்தான்.

அவன் எதையோ மறைக்கிறான் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன என்றுதான் தப்பாகக் கணக்குப் போட்டேன். பிழைக்கமாட்டாய் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இவன் என்னிடம் பூசி மெழுகுகிறான் என்று நினைத்தேன். அன்றிலிருந்து ராத்திரியில் எழுந்து அவனுக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். இவனும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

முதல் ஊசிக்கு ஒரு வாரம் முன்பு, அந்த விட்டமின் பாட்டிலை என்னிடம் கொடுத்து, இதைத் தூக்கிப் போட்டுவிடு, இனிமேல் வேண்டாம் என்றான். ஆஸ்பத்திரியில் வேறு மாத்திரைகள் ஒரு பெட்டி நிறையக் கொடுத்திருக்கிறார்கள், இது அதோடு ஒத்துவராது என்றான். ஏன் ஒத்துவராது என்று கேட்டேன். டாக்டர் சொன்னார் என்றான். விட்டமின் எதோடுடா ஒத்துவராது என்று கேட்டேன். "சொன்னாச் செய்யேன்க்கா" என்று எரிந்து விழுந்தான். அவன் என்மேல் எரிந்து விழுவது அபூர்வம்.

பாட்டில் முக்கால்வாசி நிறைந்திருந்தது. நல்ல பொருளைக் குப்பையில் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. அறுந்த பட்டனையே டப்பாவில் போட்டு வைக்கிறவள் நான். சமையலறை அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

முதல் ஊசி ஏற்றி வீட்டுக்கு வந்தவன் மூன்று நாள் வாந்தி எடுத்தான். முகம் வெளுத்துப்போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். ஒன்பது வருஷம் இவனைக் கல்லு மாதிரி வைத்திருந்தது அந்த மாத்திரைதான், அதை நிறுத்தியதும் ஆள் சரிந்துவிட்டான் என்று எனக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ஊசியைப் பற்றித் தெரியும், என் தம்பியைப் பற்றி எனக்குத்தான் தெரியும் என்ற திமிர். நான்காம் நாள் காலை இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் ஒரு மாத்திரையை வைத்து நசுக்கினேன். சாற்றில் கலந்தேன்.

கசக்குதுக்கா என்றான். ஊசி ஏற்றினால் நாக்கு ருசி மாறிப்போகும் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தாள். அதைத்தான் அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். அவனும் நம்பினான். சர்க்கரையை ஒரு ஸ்பூனிலிருந்து இரண்டாக்கினேன்.

வேடிக்கை என்னவென்றால், கட்டி கரைய ஆரம்பித்தது. எலுமிச்சங்காய் நெல்லிக்காயானது. டாக்டர் தடவிப் பார்த்துச் சிரித்ததாகச் சொன்னான். எல்லாம் என் சாற்றின் மகிமை என்று மனதுக்குள் மார்தட்டிக்கொண்டேன். மூன்று வாரம் முடிந்து இரண்டாவது ஊசி ஏற்றினார்கள். சாறு நிற்கவில்லை.

அதற்கு ஒன்பதாம் நாள் காலை, வீட்டில் அடைந்து கிடக்கப் பிடிக்கவில்லை, பத்துச் சட்டை தேய்க்கிறேன் என்று கடைக்கு வந்தான். விரல் நுனியெல்லாம் மரத்த மாதிரி இருக்கிறது என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அதுவும் ஊசியால் வரும் என்று சொல்லியிருந்தார்கள். நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். கருகின வாசனை வந்தது. யாருடைய சட்டையையோ பொசுக்கிவிட்டான் என்று திட்டிக்கொண்டே திரும்பினேன்.

பொசுங்கியது சட்டை இல்லை. இடது கை ஆள்காட்டி விரல் இஸ்திரிப் பெட்டியின் அடியில் இருந்தது. அவன் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தில் ஒன்றுமே இல்லை. நான் அலறினதைக் கேட்டுத்தான் குனிந்து தன் விரலைப் பார்த்தான். தோல் வெந்து வெள்ளையாக இருந்தது. "வலிக்கலக்கா" என்றான். ஆச்சரியமாகத்தான் சொன்னான்.

அன்று சாயங்காலம் வயிறு உப்ப ஆரம்பித்தது. ஐந்து நாளாக வெளிக்குப் போகவில்லை என்பதை அப்போதுதான் சொன்னான். மறுநாள் விடிந்ததும் வயிறு கல்லாக இருந்தது. பச்சையாக வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, குடல் வேலை செய்வதையே நிறுத்திவிட்டது என்றார் டாக்டர். மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டார்கள். வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றார்கள். குடல் வெடித்தால் அறுவை செய்ய வேண்டும், இப்போது ரத்தத்தில் வெள்ளை அணு அடிமட்டத்தில் இருக்கிறது, அறுவையை இவர் தாங்கமாட்டார் என்று என்னிடம் நேராகவே சொன்னார். காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று ஒரு குச்சியால் உள்ளங்காலைக் கீறினார். தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

ஊசியில் ஏற்றுகிற மருந்துகளில் ஒன்று இந்த வேலையைச் செய்யும்தான், ஆனால் இரண்டே ஊசியில் இந்த அளவுக்குப் போகாது, எங்கோ உதைக்கிறது என்றார் டாக்டர். தம்பியிடம் தனியாக என்னவோ கேட்டார். அவன் இல்லை இல்லை என்று தலையாட்டுவது திரையின் இடுக்கில் தெரிந்தது. அப்புறம் ஆஸ்பத்திரியின் மருந்தறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கண்ணாடி போட்டவள், மெதுவாகப் பேசுகிறவள். வீட்டில் அவர் வாய்க்குள் போவது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், மருந்து என்று நீங்கள் நினைக்காததைக்கூட விடாதீர்கள் என்றாள்.

போய்க் கொண்டுவந்தேன். இருமல் மருந்து, செரிமானத்துக்குக் குடிக்கிற உப்பு, தைலம், அவனுடைய மாத்திரைப் பெட்டி, எல்லாம். கடைசியாக அந்த ஆரஞ்சு லேபிள் பாட்டிலையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். இது சும்மா விட்டமின்தான் என்றேன்.

அந்தப் பெண் மூடியைத் திறந்து ஒரு தட்டில் கொட்டினாள். ஒரு மாத்திரையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதில் செதுக்கியிருந்த எழுத்தைப் படித்தாள். பாட்டிலின் லேபிளைப் படித்தாள். திரும்பவும் மாத்திரையைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் பார்த்தேன்.

இதை அவர் எப்போது நிறுத்தினார் என்று கேட்டாள். அவன் நிறுத்தினான், நான் நிறுத்தவில்லை என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். இரண்டு ஸ்பூன், ஆரஞ்சுச் சாறு, சர்க்கரை, நாள் தவறாமல் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லி முடித்ததும் அவள் எழுந்து பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இது விட்டமின் இல்லைம்மா."

"பின்ன என்னது?"

"அதை உங்க தம்பிதான் உங்களுக்குச் சொல்லணும். நான் சொல்லக் கூடாது."

அவள் உள்ளே போனாள். பத்து நிமிஷம் ஆனது. வெளியே வந்து, உங்களைக் கூப்பிடுகிறார் என்றாள்.

மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பெரிய கட்டோடு அந்த ஆள்காட்டி விரல். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்காரு என்றான். நான் நிற்கிறேன், நீ சொல்லு என்றேன்.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்குக்கா. ஒன்பது வருஷமா. அதுக்கு உள்ள மாத்திரைதான் அது. வாங்கிட்டு வந்து விட்டமின் பாட்டில்ல கொட்டி வச்சுக்குவேன்."

அந்த நொடி எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நாங்கள் ஒரே டம்ளரில் தண்ணீர் குடித்திருக்கிறோம், ஒரே துண்டில் முகம் துடைத்திருக்கிறோம் என்றுதான் தோன்றியது. சாகக் கிடக்கிறவன் என் தம்பி, நான் டம்ளரை நினைத்தேன். கட்டில் கம்பியிலிருந்து என் கை தானாக விலகிவிட்டது. நான் விலக்கவில்லை, அதுவே விலகியது. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தான்.

மீதியை அவன் குழாய்க்கு நடுவில் விட்டு விட்டுச் சொன்னான். அந்தப் பழைய மாத்திரையில் மருந்து உடம்பை விட்டு வெளியேறாமல் பிடித்து வைக்கிற ஒரு சரக்கு சேர்த்திருக்கிறார்கள். எச்.ஐ.வி. மருந்துக்கு அது நல்லது. ஆனால் புற்றுநோய் ஊசி மருந்துகளில் ஒன்றையும் அது வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். ஈரல் கழித்துத் தள்ள வேண்டியது உடம்பிலேயே தங்கி நரம்பை அரிக்கும். விரல் மரப்பது, கால் மரப்பது, கடைசியில் குடலின் நரம்பும் மரத்துப்போவது. அதற்காகத்தான் ஊசி ஆரம்பிக்கும் முன்பே டாக்டர் எச்.ஐ.வி. மாத்திரையை வேறு ஜாதிக்கு மாற்றிக் கொடுத்தார். பழையதைத் தொடாதே என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினார். அவன் தொடவில்லை. நான்தான் நசுக்கிக் கொடுத்தேன்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருபத்தேழு டம்ளரும் வரிசையாகக் கண்முன் வந்தன. குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு அவன் டம்ளரை என்னிடம் நீட்டுவது. நான் உள்ளே எட்டிப் பார்த்து, அடியில் இருக்கு, அதையும் குடி என்பது.

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்கு எப்போதும் அதுதான் முதலில் வரும். ஒன்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் என்னிடம் சொல்லவில்லையே, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பாட்டிலை நான் தீயில் போட்டிருப்பேனே, நான் என்ன அந்நியமா என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். சொல்லலாமா வேண்டாமா என்று அவன் யோசிப்பது தெரிந்தது.

"சொல்லத்தான் வந்தேன்க்கா. பல்வலின்னு சொல்லிட்டுப் போனேனே, அன்னைக்குத்தான் ரிசல்ட் குடுத்தாங்க. சட்டைப் பையில வச்சுக்கிட்டு நேரா உன்கிட்ட சொல்லத்தான் ஓடி வந்தேன். வாசல்ல வந்தா, நீ கம்பால டீச்சரோட மூட்டையைத் தள்ளிக்கிட்டு இருந்த."

அந்தக் கம்பை என் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டினானே, அது ஞாபகம் வந்தது. அதே கம்பால்தான் ஒன்பது வருஷம் அவன் வாடிக்கையாளர்களின் உடுப்புகளை இறக்கித் தந்திருக்கிறான். தினமும் அதைத் தொட்டிருக்கிறான்.

டாக்டரைப் பார்த்து எல்லாவற்றையும் கேட்டேன். என் அக்காவிடம் சொல்லலாம் என்று தம்பி எழுதிக் கொடுத்துவிட்டான். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இந்த லிம்போமா மற்றவர்களைவிட அதிகம் வரும், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் அடங்கிக் கிடந்தாலும் அந்த ஆபத்து முழுசாகப் போவதில்லை என்றார். ஒரு காலத்தில் இவர்களுக்கு முழு அளவு ஊசி மருந்து கொடுக்கவே பயப்படுவார்கள், இப்போது எச்.ஐ.வி. மாத்திரையையும் விடாமல் கொடுத்து, மற்றவர்களுக்குச் செய்கிற அதே வைத்தியத்தைக் குணப்படுத்துகிற எண்ணத்தோடுதான் செய்கிறோம் என்றார். அவனுடைய ரத்தத்தில் வைரஸைத் தேடினாலும் அகப்படாத அளவுக்கு ஒன்பது வருஷமாக வைத்திருக்கிறான், ஒரே டம்ளர் என்ன, கட்டிப் பிடித்தாலும் முத்தம் கொடுத்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்றார். டம்ளரைப் பற்றி நான் வாய் திறந்து கேட்கவே இல்லை. எல்லாரும் அதைத்தான் நினைப்பார்கள் போலிருக்கிறது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிழைப்பானா என்று கேட்டேன். குடல் அசைய வேண்டும் என்றார். அசைந்துவிட்டால், அந்த ஒரு ஊசியை விட்டுவிட்டு மற்ற மருந்துகளோடு சிகிச்சையைத் தொடரலாம், கட்டி நன்றாக மடங்கிக்கொண்டிருக்கிறது, நம்பிக்கை நிறையவே இருக்கிறது. விரலில் உணர்ச்சி திரும்ப மாதக்கணக்காகும், முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. அசையாவிட்டால் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நான்கு நாள் அந்த வார்டில் உட்கார்ந்திருந்தேன். கடைக் கதவில் பூட்டு. காலையில் எட்டு மணிக்கு நர்ஸ் வந்து, புது மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாக விடுவாள். குடல் நின்றாலும் அந்த மாத்திரையை நிறுத்தக் கூடாதாம். மருந்து திரும்ப வெளியே வந்துவிடாமல் கொஞ்ச நேரம் குழாயை மூடி வைப்பார்கள். முதல் நாள் பழக்க தோஷத்தில், எட்டு மணி ஆச்சு விட்டமின் என்று எழுப்பிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம். அப்புறம் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தேன். அம்மா வைத்த பெயர், வாயில் வரவே சிரமப்பட்டது.

என்மேல் அவன் கோபப்படவில்லை. அது இன்னும் கொடுமை. பாட்டிலை நானே குப்பையில் போட்டிருக்கணும், தப்பு என்னுதுதான் என்று ஒருமுறை சொன்னான். தப்பில் பங்கு கேட்காதேடா என்றேன். ஆனால் ஒன்று கவனித்தேன். அவன் போர்வையை நான் சரிசெய்யப் போனால் கையைச் சுருக்கிக்கொள்வான். என் கை அவன்மேல் பட்டுவிடாமல் பார்த்துக்கொண்டான். அன்று கட்டில் கம்பியிலிருந்து விலகிய கையை அவன் மறக்கவில்லை.

நான்காம் நாள் முற்பகல், அறை துடைக்கிறவள் வாளியோடு வந்துபோன நேரம். தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னவோ போல முழித்தான். உள்ளே கடமுடா என்று சத்தம் எனக்கே கேட்டது. பெட்பேன் எடுக்க ஓடினேன். திரும்புவதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. விரிப்பு, போர்வை, அவன் உடுப்பு, ஒன்று மிச்சமில்லை. வார்டே மூக்கைப் பொத்திக்கொண்டது. அவன் வெட்கத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

நர்ஸ் ஓடிவந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "போயிடுச்சா? நல்லாப் போயிடுச்சா?" என்று இரண்டு தடவை கேட்டாள். டாக்டருக்குப் போன் செய்தாள். மலம் கழித்ததற்கு இப்படிச் சந்தோஷப்படுகிறவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவனைச் சுத்தம் செய்து வேறு உடுப்பு மாட்டினோம். என் கை அவன் முதுகில் பட்டது. இந்தத் தடவை அவன் சுருங்கவில்லை.

விரிப்பை எடுக்க ஆள் வருவார், விட்டுவிடுங்கள் என்றாள் நர்ஸ். என் வேலையே இதுதானம்மா என்றேன். ஒரு ஜோடி கையுறையை நீட்டினாள். நான் வாங்காமல், இது இவனுக்காகவா என்று கேட்டேன். யாராக இருந்தாலும் இதற்குக் கையுறை போட்டுத்தான் ஆக வேண்டும், உங்களுக்கே என்றாலும் இதே விதிதான் என்றாள். அப்படியென்றால் சரி என்று மாட்டிக்கொண்டேன்.

உருவிக் கீழே போட்டிருந்த விரிப்பின் ஒரு மூலையை இழுத்தேன். தம்பி தலையணையில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். உதட்டோரத்தில் அந்தப் பழைய சிரிப்பு கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

"கம்பு எடுத்துட்டு வரலியாக்கா?" என்றான்.

சிரிக்கட்டும் என்றுதான் சொன்னான். விரிப்பின் நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து முடிச்சுப் போட்டேன். போர்வையையும் அவன் உடுப்பையும் அதற்குள் திணித்தேன். அந்த மூட்டையை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கி மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். ஈரம் என் சேலையில் இறங்கியது. ஐயோ, மேலெல்லாம் படுதும்மா என்று நர்ஸ் பதறினாள்.

படட்டும், துவைத்துக்கொள்ளலாம் என்றேன்.